சொலூசன் பூசிய காது

அருந்ததியின் காதுகள் இரண்டும் தலையைவிட்டு விலகி நின்றன. அதனால் இரட்டைப் பின்னலைக் காதின்மேல் இழுத்து, மடித்து, ரிபன் கட்டிக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போவாள். ஐந்தாம் வகுப்பில் ஒருவருக்கும் அவள் காது தெரியாது.

பாவம், கூடப் படிக்கும் சிமியோனுக்குப் பின்னல் இல்லை. ஒட்ட வெட்டிய தலையில் அவன் காதுகள் தெருவுக்கே தெரிந்தன. "சுளகுக் காதன்" என்று அவனுக்குப் பட்டம் வைத்தவளே அருந்ததிதான். எல்லாரும் அவன் காதைப் பார்த்துச் சிரித்தால் தன் காதை யார் தேடப்போகிறார்கள்?

அருந்ததி தன் காதைப்பற்றி எழுதியதற்கு, மூன்று மாதம் பிந்தி லண்டன் மாமாவின் பதில் வந்தது. 'மருமகள் கவலைப்பட வேண்டாம். இங்கே காதுக்குப் பின்னால் வெட்டித் தைத்து, படியவைக்கிறார்கள். வளர்ந்ததும் பார்ப்போம்.'

அடுத்த நாளே அதை வகுப்பில் அவிழ்த்துவிட்டாள், தனக்கு எழுதியது என்பதை மட்டும் விட்டுவிட்டு.

"லண்டனிலை காதை வெட்டித் தைக்கினமாம், சிமியோன்! உன்ரை அப்பாவின்ரை சைக்கிள் கடையிலை ரியூப் ஒட்டுற சொலூசன் இருக்குத்தானே? அதாலை ஒட்டு!"

வகுப்பே கொல்லென்று சிரித்தது. சிமியோனும் சிரித்து வைத்தான்.

திங்கட்கிழமை அவன் தலையில் துவாய் கட்டிக்கொண்டு வந்தான். வினிபிரட் ரீச்சர் அவிழ்த்துப் பார்த்தார். இரண்டு காதுக்குப் பின்னாலும் தோல் உரிந்து சிவந்திருந்தது.

"என்ன செய்தனீர்?"

"சொலூசன் பூசினனான், ரீச்சர். ரியூப் ஒட்டுறமாதிரி முதல் சுரண்டிப்போட்டுத்தான் பூசினனான். ஒட்டுப் பிடிக்கேல்லை."

"ஆர் உதைச் சொல்லித் தந்தது?"

"ஒருத்தரும் இல்லை."

"சொல்லாட்டி அப்பாவைக் கூப்பிடுவன்."

சிமியோனின் கண் கலங்கியது. அப்போதும் அவன் அருந்ததியின் பக்கம் திரும்பவில்லை.

திரும்பியிருந்தால்கூடத் தேவலை. அருந்ததிக்கு வெட்கமாகிவிட்டது. இப்படியே வாயை மூடிக்கொண்டிருந்தால் ஒருவருக்கும் தெரியாது. ஆனால் அவளுக்குத் தெரியுமே!

எழுந்து நின்றாள். "நான்தான், ரீச்சர். பட்டம் வைச்சதும் நான்தான்."

"ஏன் பிள்ளை?"

அருந்ததி ரிபன்களை அவிழ்த்து, பின்னல்களைப் பின்னால் தள்ளினாள். பின்வரிசை வாங்கில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கையால் பொத்திக்கொள்ளலாம்போல இருந்தது. பொத்தவில்லை.

"என்ரையை ஒருத்தரும் பாக்கக்கூடாதெண்டுதான். மாமா எழுதினதும் எனக்குத்தான். என்னை மன்னிச்சுக்கொள், சிமியோன்."

சிமியோன் அவிழ்த்த துவாயை மடிக்கத் தொடங்கினான்.

ரீச்சர் அப்பாவைக் கூப்பிடவில்லை. பஞ்சையும் மருந்தையும் அருந்ததியின் கையில் கொடுத்தார். இடைவேளையில் அவள் மெதுவாக ஒற்றி ஒற்றிப் பூசிவிட்டாள்.

"நோகுதோ?"

"ஓம்."

அவளுக்கு அழுகை முட்டியது. சிமியோன் அவள் காதையே கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தான்.

"ஒண்டு சொல்லட்டோ?"

"சொல்லு."

"உன்ரைதான் பெரிசு."

அழுகைக்கு நடுவிலே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஓம், பெரிசுதான்," என்றாள். "நீ மற்றக் காதைக் காட்டு."