பதினெட்டு மீட்டர் கேபிள்

கேபிளின் நீளம் முப்பத்தொரு மீட்டர் என்றது திரை. பதினெட்டுதான் என்றார் போனில் அந்த அம்மாள்.

"நிச்சயமாத் தெரியுமா மேடம்?"

"நானே வாங்கி, நானே அளந்து வெட்டினது தம்பி. அப்புறம் இந்த மேடத்தை விட்டுடுங்க. ஏதோ பென்ஷன் ஆபீஸ் வரிசையில நிக்கிற மாதிரி இருக்கு."

"சரிங்க அக்கா," என்றான் அவன்.

மதியம் மூன்று மணி தாண்டியிருந்தது. ஜன்னல்களைத் திறக்கவே முடியாதபடி கட்டிய அந்தக் கண்ணாடிக் கட்டடத்தின் ஐந்தாவது மாடியில், தொண்ணூறு பேர் ஒரே நேரத்தில் ஒரே குரலில் வருத்தம் தெரிவித்துக்கொண்டிருக்கும் இரைச்சலுக்கு நடுவே, கருகிய காபி வாசமும் ஏசியில் நனைந்த கார்ப்பெட்டின் வாடையும் மூக்கில் ஏற, ஹெட்செட்டின் பஞ்சு வியர்த்துக் காதில் ஒட்டிக்கொள்ள, அவன் ஆறு வருஷமாக முகம் தெரியாதவர்களின் இன்டர்நெட்டைச் சரிசெய்து கொடுத்துக்கொண்டிருந்தான். யார் எவ்வளவு திட்டினாலும் குரலை உயர்த்தாதவன் என்பதால் ஆபீசில் அவனுக்குப் பெயரே 'பொறுமை'.

அக்கா கட்டட வரைபடம் போடுபவர். அவர் தனியாக வசிக்கும் வீட்டின் பின்னறைதான் அவருடைய ஆபீஸ். ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்தின் வரைபடம் முழுவதும் நாலு மணிக்குள் இன்ஜினியருக்குப் போய்ச் சேர வேண்டும். காலையிலிருந்து வேகம் ஆயிரத்திலிருந்து நூறாகி, நூறிலிருந்து பத்தாகிவிட்டது.

"நத்தை மேல கட்டி அனுப்பினாக்கூட இந்நேரம் போயிருக்கும்," என்றார்.

அவன் சிரித்தான். அவனுக்கு அவரைப் பிடித்துவிட்டது.

கம்பெனி வீடுகளுக்குக் கொடுக்கும் ரவுட்டரில் ஒரு சோதனை உண்டு. இங்கிருந்தே ஒரு பொத்தானை அழுத்தினால், அங்கே ரவுட்டர் கேபிளுக்குள் ஒரு துடிப்பை அனுப்பும். அது எங்கே முட்டித் திரும்புகிறதோ, ரவுட்டரிலிருந்து அந்த இடம் எத்தனை மீட்டர் என்று திரையில் வரும். கேபிள் எங்கே அறுந்திருக்கிறது, எங்கே நசுங்கியிருக்கிறது என்பதை வீட்டுக்குப் போகாமலே சொல்லிவிடலாம். அவன் இதுவரை ஆயிரம் தடவையாவது அந்தப் பொத்தானை அழுத்தியிருப்பான். கேபிளின் நீளத்தைவிட அதிகமான எண் ஒரு தடவைகூட வந்ததில்லை.

"அக்கா, கேபிள் எப்படிப் போகுதுன்னு சொல்லுங்க."

"ரவுட்டர் ஹால்ல, தெருக்கதவுக்குப் பக்கத்துச் சுவர்ல இருக்கு. அதுக்குப் பின்னாடி விரல் நுழையற அளவுக்கு ஒரு ஓட்டை. அதுக்குள்ள போற கேபிள், சுவருக்குள்ள குழாயிலயே வந்து, இங்க பின்னறையில என் மேஜைக்கடியில வெளிய வருது. நடுவுல ஒட்டு கிடையாது, கிளை கிடையாது. இந்த வீட்டை வரைஞ்சதே நான்தான்."

"கம்ப்யூட்டர்லேர்ந்து கேபிளைக் கழட்டிடுங்க. முனை உங்க கையிலயே இருக்கட்டும்."

நாற்காலி நகரும் சத்தம். முழங்கால் ஊன்றும்போது ஒரு முனகல். "கழட்டிட்டேன்."

பொத்தானை அழுத்தினான். இப்போது பதினெட்டு என்று வர வேண்டும். 'மறுமுனையில் எதுவும் இல்லை' என்றும் வர வேண்டும்.

முப்பத்தொரு மீட்டர். மறுமுனை: இணைக்கப்பட்டுள்ளது.

"அக்கா, முனை உங்க கையிலதானே இருக்கு?"

"பின்ன, என் காதுலயா இருக்கு?"

தோளுக்குப் பின்னால் கடிகாரம் வந்து நின்றார். அவன் குழுவின் தலைவர் அவர். ஒரு அழைப்பு எட்டு நிமிஷத்தைத் தாண்டினால் பின்னால் வந்து நிற்பதால் அந்தப் பெயர். மணிக்கட்டைத் தட்டிக் காட்டிவிட்டுப் போனார்.

"நம்ம ஆளை அனுப்பறேன் அக்கா. அரை மணியில வந்துடுவார்." ஏணிக்குத் தகவல் தட்டினான். ஏணி அந்தப் பகுதிக்குப் போய்வரும் டெக்னீஷியன், ஆறடி மூணங்குலம். இருபது நிமிஷத்தில் வருவதாகப் பதில் வந்தது.

"அதுவரைக்கும் சும்மா உக்காரணுமா? இருங்க, இழுத்துப் பாக்கறேன்," என்றார் அக்கா.

கேபிள் குழாயில் உரசி வரும் சத்தம் கேட்டது. வறண்ட, நீளமான உரசல். பிறகு நின்றது. பிறகு அதே உரசல் மறுபடியும்.

"மெதுவா இழுங்க அக்கா, அறுந்துடப் போகுது."

"நான் இப்ப இழுக்கலையே."

அவன் ஹெட்செட்டின் ஒலியைக் கூட்டினான்.

"உள்ள போகுது தம்பி. நான் இழுத்தது அவ்வளவும் திரும்ப உள்ள போயிடுச்சு. எலியா இருக்குமோ?" குரலில் பயம் இல்லை. தப்பாக வந்துவிட்ட கணக்கைப் பார்ப்பவரின் எரிச்சல்தான் இருந்தது. "ஒரு வாடை வேற வருது. ரொம்ப நாளா மூடியே வெச்சிருந்த தண்ணித்தொட்டியைத் திறந்தா வருமே, அது மாதிரி."

சோதனையை மறுபடி ஓட்டினான். இருபத்தொன்பது.

மறுபடி. இருபத்தாறு.

இது கருவியின் கோளாறுதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். ரவுட்டர் பழையதாக இருக்கலாம், சூடாகியிருக்கலாம். இப்படி வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பது அவனுக்கு மனப்பாடம். திரையின் ஓரத்தில் அச்சடித்த மாதிரி எப்போதும் நிற்கும் வரி அது. அதை வாய் விட்டுச் சொன்னான்.

"ஹாலுக்குப் போய் ரவுட்டரை ஒரு தடவை அணைச்சுப் போடுங்க அக்கா. போனை ஸ்பீக்கர்ல போட்டு அங்கேயே பக்கத்துல வெச்சுக்கங்க."

செருப்பு தரையில் இழுபடும் சத்தத்தோடு அவர் நடந்து போனதை அவன் கேட்டுக்கொண்டிருந்தான். பின்னறையிலிருந்து நடை, நடையிலிருந்து ஹால். பொத்தானை விடாமல் அழுத்தினான். திரையில் இருபத்திரண்டு. பத்தொன்பது. அவர் ஹாலுக்குப் போய்ச் சேர்ந்தபோது பதினேழு.

பதினேழு என்றால், மறுமுனையில் இருப்பது எதுவோ அது, இப்போதுதான் அவர் விட்டுவிட்டு வந்த பின்னறையைத் தாண்டிவிட்டது. சுவருக்குள் வந்துவிட்டது.

அந்த எண் ரவுட்டரிலிருந்து உள்ள தூரம் என்பது அவனுக்குத் தெரியாத விஷயம் இல்லை. ஆனால் அதன் அர்த்தம் அப்போதுதான் உறைத்தது. எண் பூஜ்யமாகும் இடத்துக்கு அந்த அம்மாளை அவன்தான் அனுப்பியிருக்கிறான்.

"அணைச்சுட்டேன்," என்றார் அக்கா. "லைட் எல்லாம் போயிடுச்சு."

ரவுட்டர் அணைந்தால் திரை வெறுமையாக வேண்டும்.

பதினான்கு.

"அக்கா." ஹெட்செட்டைக் காதோடு அழுத்திக்கொண்டான். "கொஞ்சம் வெளில போய் நிக்கறீங்களா?"

"எதுக்கு?"

எதற்கு என்று சொல்வான்? அவனிடம் நானூறு பக்கம் பதில்கள் இருந்தன. மின்வெட்டுக்கு ஒன்று, மழைக்கு ஒன்று, கோபக்காரருக்கு ஒன்று. இதற்கு ஒன்றும் இல்லை. பைத்தியம் என்று நினைத்துவிடுவாரே என்கிற கூச்சம் வேறு. அந்தக் கூச்சத்தில் நாலு விநாடி போனது. பதினொன்று.

"மின்சாரக் கசிவு இருக்கலாம் அக்கா. ஒரு பாதுகாப்புக்குத்தான். தெருவுல போய் நில்லுங்க."

"கசிவுன்னா முதல்ல கேபிளைப் பிடுங்கணும்."

"வேணாம், தொடாதீங்க."

"பிடுங்கிட்டேன்," என்றார்.

அதற்கு மேல் சோதிக்க அங்கே எதுவும் இல்லை. அணைந்த ஒரு பெட்டி, அதில் சொருகாத ஒரு கேபிள். அவன் பொத்தானையே அழுத்தவில்லை. எண் தானாக மாறியது.

எட்டு.

"சுவருக்குள்ள சத்தம் கேக்குது தம்பி." குரல் இப்போது தாழ்ந்திருந்தது. "எலி இல்ல. எலி விட்டு விட்டு ஓடும். இது நிக்காம வருது."

அவனுக்கும் கேட்டது. நனைந்த துணியை ஒரு குழாய்க்குள் திணித்து, மறுமுனையில் யாரோ நிதானமாக இழுப்பது போல. தொண்ணூறு பேரின் இரைச்சலுக்கு மேல், காதின் பஞ்சுக்குள், அது மட்டும் தெளிவாக.

"அக்கா, வீட்டை விட்டு ஓடுங்க." கத்தினான். ஆறு வருஷத்தில் முதல் தடவை. பக்கத்து மேஜைகள் திரும்பிப் பார்த்தன.

ஐந்து.

"கேபிள் கையில சுத்திக்கிச்சு. பிடுங்கும்போது..."

"உதறுங்க."

"வரமாட்டேங்குது."

மூன்று.

"தம்பி, இது இழுக்குது."

"கத்தரிக்கோல் இருக்கா? கத்தி? பக்கத்துல எதாவது?"

"உள்ளதான் இருக்கு. பின்னறையில."

இரண்டு.

"தம்பி..."

ஒன்று.

ஏதோ ஒடியும் சத்தம். சின்னதாக, ஒரு தடவை. பிறகு பல தடவை, வரிசையாக.

பூஜ்யம்.

அவன் எழுந்து நின்றான். எங்கே போவது? செல்போன்கள் எல்லாம் வாசலில் லாக்கரில் பூட்டி வைக்கப்பட்டிருந்தன. மேஜை போனிலிருந்து வாடிக்கையாளரையும் டெக்னீஷியனையும் தவிர வேறு யாரையும் கூப்பிட முடியாது. அந்த வீடு எண்பது கிலோமீட்டருக்கு அப்பால். எழுந்தவன் நின்றுகொண்டே இருந்தான்.

திரை பச்சையானது. கேபிளின் நாலு ஜோடி கம்பிகளும் சரி. வேகம்: ஆயிரம்.

கடிகாரம் வந்தார். திரையைப் பார்த்தார். "அதான் சரியாயிடுச்சே. ஏன்டா கத்தினே?"

"சார், போலீசைக் கூப்பிடணும். அந்தம்மா..."

"யாரு, கஸ்டமரா? லைன்ல இருக்காங்களா?"

லைன் இருந்தது. அழைப்பு துண்டிக்கப்படவில்லை. ஹெட்செட்டில் அந்த ஈர உரசல் போய்க்கொண்டே இருந்தது, இப்போது சற்றுத் தூரத்தில்.

"அப்புறம் என்ன, பேசி முடி. இருபத்தாறு நிமிஷம் ஆச்சு," என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த வரிசைக்குப் போனார்.

அப்போதுதான் ஏணியின் வீடியோ அழைப்பு வந்தது. பழுதைப் படம் காட்டுவதற்காக டெக்னீஷியன்களுக்குக் கம்பெனி கொடுத்த வசதி அது.

"பொறுமை, வந்துட்டேன். கதவு சும்மா சாத்தித்தான் இருக்கு. கூப்பிட்டா யாரும் வரலை. உள்ள போகவா?"

போகாதே என்றுதான் சொல்ல நினைத்தான். "அந்தக்கா இருக்காங்களான்னு பாரு," என்றான்.

படம் ஆடியது. வெயில் விழுந்த சுத்தமான ஹால். புத்தக அலமாரி. தரையில், சுவரைப் பார்த்தபடி, ஒழுங்காக ஒரு ஜோடி செருப்பு. அதற்குப் பக்கத்தில் ஒரு மூக்குக்கண்ணாடி, ஒரு செல்போன். சுவரில் ரவுட்டர், எல்லா விளக்கும் பச்சை.

"யாரும் இல்லையே," என்றான் ஏணி. பிறகு, "இது என்ன?"

கேமரா கிட்டே போனது.

ரவுட்டருக்குப் பின்னால், விரல் நுழையும் அளவே உள்ள அந்த ஓட்டையிலிருந்து ஏதோ தொங்கிக்கொண்டிருந்தது. கேபிள் இல்லை. பாதி நரைத்த தலைமுடி. இறுக்கிப் போட்ட ஒரு பின்னல், தரையைத் தொடும் நீளத்துக்கு. நுனியில் ஒரு கறுப்பு ரப்பர் பேண்டு.

பின்னல் மேலே ஏறிக்கொண்டிருந்தது. ஒரு அங்குலம். நிறுத்தம். இன்னொரு அங்குலம்.

ஏணி ஒரு அடி பின்வாங்கினான். கேமரா ஓட்டையை விட்டு விலகவில்லை.

திரையின் மூலையில் எண் மறுபடி வந்திருந்தது. நான்கு. ஆறு. ஒன்பது.

"தம்பி," என்றது ஹெட்செட். அக்காவின் குரல்தான். வலி எதுவும் தெரியவில்லை. ரொம்பக் களைத்தவர் இருட்டில் கை நீட்டித் தடவுவது போல இருந்தது. "தம்பி, லைன்ல இருக்கீங்களா?"

தொண்ணூறு பேரும் தங்கள் தங்கள் அழைப்புகளில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"இருக்கேன் அக்கா," என்றான்.

"எவ்வளவு தூரம் தம்பி இன்னும்?"

அவன் திரையைப் பார்த்தான். எண் முப்பத்தொன்றைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது. படத்தில் பின்னலின் கடைசிச் சாண் ஓட்டையின் விளிம்பில் ரப்பர் பேண்டோடு சிக்கி நின்றது. உள்ளிருந்து பொறுமையாக, மெல்ல, ஒரு இழுப்பு. முடி உள்ளே போனது. ரப்பர் பேண்டு மட்டும் கழன்று, அந்தச் செருப்புகளுக்கு நடுவே விழுந்தது.