நான்காம் கட்டிலின் நாடி

அந்த லாரி ஓட்டுநர் தானே வண்டியை ஓட்டி வந்து, எங்கள் ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தி, சாவியைச் சட்டைப் பையில் பத்திரப்படுத்திய பிறகுதான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார். மழை பிடித்துக்கொண்ட பிற்பகல். டாக்டர் வேறொரு நோயாளியோடு ஆம்புலன்ஸில் பெரிய மருத்துவமனைக்குப் போயிருந்தார். அவசர இதயப் பிரிவில் நர்ஸ் நான் ஒருத்திதான்.

கூடவே மாமியார் இருந்தாள்.

செயற்கை நுண்ணறிவு இயந்திரத்துக்கு நாங்கள் வைத்த பெயர் அது. நான்கு கட்டில்களின் இதயத்துடிப்பையும் பார்த்து, வரப்போகும் ஆபத்தை முன்கூட்டியே சொல்லும். குரல் என்னவோ தேன்தான். ஆனால் குற்றம் கண்டுபிடித்தால் லேசில் விடாது. அது அழைத்தால் கட்டிலருகே போய் நாடி பிடித்துப் பார்த்து, தலைமாட்டில் உள்ள பச்சைப் பொத்தானை அழுத்த வேண்டும் என்பது விதி. நாங்கள் எங்கே நாடி பார்த்தோம்? போகிற போக்கில் பொத்தானைத் தட்டிவிட்டுப் போவோம்.

ஓட்டுநரை முதல் கட்டிலில் படுக்கவைத்து, மார்பில் ஒயர்களை ஒட்டியதும், மாரடைப்பு என்றது இயந்திரம். டாக்டரைப் போனில் பிடித்தேன்.

"நான் சொன்ன மருந்தை அவருக்குக் குடுத்துடும்மா. வந்துட்டே இருக்கேன். அவர விட்டு நகராத."

மருந்தைக் கொடுத்துவிட்டு அவர் பக்கத்திலேயே நின்றேன்.

"வீட்ல யாருக்காவது சொல்லணுமாண்ணே?"

"யாரு இருக்கா சிஸ்டர்? லாரிதான்."

"எனக்கு அதுகூட இல்ல."

வலியோடு சிரித்தார். எப்படியாவது இந்த மனிதரைக் காப்பாற்றிவிட வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது.

"நான்காம் கட்டில். துடிப்பு குறைகிறது. அருகில் வரவும்."

நான்காம் கட்டில் காலி. அதன் ஒயர்கள் சுருட்டியபடி கொக்கியில் தொங்கின. ஆனால் திரையில் ஒரு கோடு எழுந்து எழுந்து விழுந்தது. மெதுவாக, களைத்துப்போய்.

போய்ப் பொத்தானைத் தட்டிவிட்டுத் திரும்பினேன். மறுபடியும் அழைத்தது. மறுபடியும் தட்டினேன். மறுபடியும்.

"நாடி பாக்கணும், அவ்வளவுதானே? இந்தா, பாத்துட்டேன். போதுமா தாயே?"

எரிச்சலில், ஆள் படுத்திருந்தால் மணிக்கட்டு இருக்கும் இடத்தில், வெறும் விரிப்பின் மேல் மூன்று விரல்களை வைத்தேன்.

துடித்தது.

விரிப்பு சமமாகத்தான் இருந்தது. விரல்களுக்கு அடியில் மட்டும் தோல். குளிர்ந்த, ஈரமான தோல். பூட்டிக் கிடந்த அறையின் வாடை அடித்தது. கண்ணுக்குத் தெரியாத அந்தக் கை மெல்லத் திரும்பி, என் கையைப் பிடித்துக்கொண்டது.



"முதல் கட்டில். இதயம் நிற்கப்போகிறது."

ஓட்டுநரின் கண்கள் மேலே செருகின. கையை இழுத்தேன். வரவில்லை. சாகப்போகிறவர்களின் பிடி எனக்குத் தெரியும். அதில் பலம் இருக்காது, ஆனால் விடாது.

"விடுங்க," என்று கிசுகிசுத்தேன். "அவரு போயிடுவாரு."

விடவில்லை.

"திரும்பி வரேன். பக்கத்துலயே உக்காந்துக்கிறேன். சத்தியமா."

விட்டது.

ஓடினேன். மார்பை அழுத்தினேன். ஷாக் கொடுத்தேன். ஒன்றுமில்லை. அழுத்திக்கொண்டே அழுதேன். அடுத்த ஷாக்கில் அவர் உடம்பு தூக்கிப்போட்டது. கோடு துள்ளி எழுந்தது.

டாக்டர் வந்ததும் அவரை ஆம்புலன்ஸில் ஏற்றினோம்.

"பொழச்சிட்டாரு. ஏம்மா, உன் முகம் இப்படி வெளுத்திருக்கு?"

"தனியா இருந்தேன்ல சார்."

அடுத்த ஷிப்ட் நர்ஸ் வந்துவிட்டாள். நான் கிளம்பியிருக்கலாம். ஆனால் சொன்ன சொல் இருக்கிறதே. நான்காம் கட்டிலின் அருகே உட்கார்ந்து, அதே இடத்தில் விரல்களை விரிப்பின் மேல் வைத்தேன். துணி. வெறும் துணி. இருட்டும்வரை காத்திருந்தேன். மாமியாரும் வாயைத் திறக்கவில்லை. நிம்மதியாக இருந்தது. உண்மையைச் சொன்னால், கொஞ்சம் ஏமாற்றமாகவும் இருந்தது. யாராவது என் கையைப் பிடித்து எத்தனை காலமாயிற்று!

வீட்டுக்கு வந்தேன். கதவைத் தாழிட்டு, சாப்பிடப் பிடிக்காமல் அப்படியே படுத்துவிட்டேன்.

கண் அசந்த நேரம், என் மணிக்கட்டில் ஏதோ பட்டது.

மூன்று விரல்கள்.

தடவித் தேடவில்லை. நாடி பார்த்துப் பழகிய கை, சரியான இடத்தில் நேராகப் பதிந்தது. அதே ஈரக் குளிர் தோள்வரை ஏறியது. இழுத்தால் இந்த முறை விட்டுவிடும் என்று ஏனோ தோன்றியது.

நான் இழுக்கவில்லை. பயந்தபடியே அசையாமல் கிடந்தேன், என் துடிப்பை எண்ணி முடிக்கட்டும் என்று.