நாற்பது நாள் வழக்கம்

அணுகுண்டு வெடித்தது. பொறி பறந்தது, புகை எழுந்தது, கிழிந்த காகிதம் நாலு பக்கமும் சிதறியது. சத்தம் மட்டும் வரவில்லை.

குவாரியின் ஓரமாக நின்றிருந்த முப்பத்தெட்டுப் பேரும் திருப்தியாகத் தலையாட்டினார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. மிருதுளா கையிலிருந்த அட்டையில் ‘பதினேழாம் நாள்’ என்று எழுதிவிட்டு, அடுத்தவருக்கு விரலால் சைகை காட்டினாள். அவர் ஊதுபத்தியோடு போய் ஒரு லட்சுமி வெடியைப் பற்றவைத்தார். அதுவும் ஊமையாகவே வெடித்தது.

ராசிபுரத்துக்கு வெளியே, கைவிட்ட ஒரு கல்குவாரியில், தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு வெடிவிரும்பிகள் சங்கத்தின் கூட்டம் இப்படித்தான் நடந்துகொண்டிருந்தது. வேடிக்கை பார்க்க வந்த ஆட்டுக்காரர் ஒருவர் மூன்றாம் நாளே சலித்துப்போய் வருவதை நிறுத்திக்கொண்டார்.

கோளாறு வெடியில் இல்லை, கம்பத்தில் இருந்தது. குவாரி மேட்டில் ஒரு கம்பம். அதன் தலையில் தேங்காய் அளவுக்கு ஓர் ஓசையடக்கி. நாட்டில் அது இல்லாத தெருவே கிடையாது. ஆள் நடமாட்டம் இல்லாத இடத்திலும் நட்டுவிட்டுப் போயிருந்தார்கள். ஒரு சத்தம் எழுந்த கணத்திலேயே இந்த அடக்கி அதன் அலையை அளந்துவிடும். அலையில் மேடு வரும் இடத்தில் பள்ளமும், பள்ளம் வரும் இடத்தில் மேடுமாக ஓர் எதிரலையை அனுப்பும். இரண்டும் மோதி ஒன்றுமில்லாமல் போகும்.

எந்தச் சத்தத்தை அடக்குவது என்று முதலில் ஒரு பட்டியல் போட்டார்கள். ஒலிபெருக்கியைச் சேர்த்தால் ஒரு கூட்டம் கொடி பிடித்தது. நாய் குரைப்பைச் சேர்த்தால் இன்னொரு கூட்டம். அபயக் குரலுக்கு மட்டும் விலக்கு உண்டு என்றார்கள். அடுத்த தேர்தலில் பேச்சாளர்கள் மேடையேறி முழுப் பேச்சையும் அபயக் குரலிலேயே பேசித் தீர்த்தார்கள். விலக்கும் போயிற்று. கடைசியில் பட்டியலையே தூக்கிப் போட்டுவிட்டு, அடக்கிக்கு ஒரே கட்டளை கொடுத்தார்கள்: அந்தந்த இடத்தில், அந்தந்த நேரத்தில் எது வழக்கமோ அதை விடு, மற்றதை விழுங்கு. சந்தையில் சந்தை இரைச்சல் கேட்டது, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் கூச்சல் கேட்டது. வருடத்துக்கு ஒரு நாள் வரும் பட்டாசை எந்த அடக்கியும் வழக்கமென்று ஒப்புக்கொள்ளவில்லை. தீபாவளி ஊமையாயிற்று. வெடி கடையில் கிடைத்தது, வாங்கத்தான் ஆளில்லை.

மிருதுளா கடைசியாக வெடிச் சத்தம் கேட்டபோது அவளுக்குப் பதினாலு வயது. இப்போது நாற்பத்தாறு. ஒரு கல்யாண மண்டபத்தில் மேலாளர் வேலை. அந்த மண்டபம் திறந்த புதிதில் அங்கிருந்த அடக்கி கெட்டிமேளம் முழுவதையும் விழுங்கிவிட்டது. மாப்பிள்ளை தாலியைக் கையில் வைத்துக்கொண்டு ஐயரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சித்திரையிலும் வைகாசியிலும் நாள் தவறாமல் ஏதாவதொரு விசேஷம், மேளம். நாற்பது நாள் கழிந்ததும் ஒரு காலையில் மேளம் மண்டபமே அதிரும்படி கேட்டது. எல்லோரும் அட்சதை போட்டார்கள், மிருதுளா யோசித்தாள். தான் விழுங்கிய சத்தத்தையும் அந்த அடக்கி மறப்பதில்லை. நாற்பது நாள் விடாமல் வந்தால் வழக்கமென்று ஏற்றுக்கொள்கிறது. அப்படியானால் வெடியையும் அதற்குப் பழக்கலாமே?

ஆள் சேர்ப்பது அவளுக்குக் கைவந்த கலை. லைன்மேன் பூபாலன், பள்ளியில் இயற்பியல் நடத்தும் ரெஜினா டீச்சர் என்று ஒவ்வொருவராகப் பிடித்தாள். தீயணைப்புத் துறையிடம் அனுமதி வாங்கினாள். ஒருவருக்குக் காயம் பட்டாலும் அனுமதி ரத்து என்று அதில் எழுதியிருந்தது. குவாரிக்குப் போகும் முன் மண்டபத்தில் நடந்த முதல் கூட்டத்திலேயே அவள் சொல்லிவிட்டாள்:

“வெடி வெடிக்கறது அப்புறம். வர்ற முப்பத்தெட்டுப் பேரும் முழுசா ஊடு போய்ச் சேரோணும். அதுல ஒண்ணு கொறஞ்சாலும் எனக்குத் தூக்கம் வராதுங்க.”

இரண்டாவதாக ஒரு விதி போட்டாள். குவாரிக்குள் யாரும் வாய் திறக்கக் கூடாது. அந்தக் கம்பம் மனுஷக் குரலையே கேட்டதில்லை, எழுதாத சிலேட்டு மாதிரி இருக்கிறது. அதில் வெடியை மட்டும் எழுதுவோம் என்றாள். எல்லோருக்கும் அது மிகவும் புத்திசாலித்தனமாகப் பட்டது.

நாற்பத்தோராம் நாள் பூபாலன் பற்றவைத்த முதல் அணுகுண்டு குவாரியின் மூன்று சுவர்களிலும் மோதி இடித்தது. மிருதுளாவுக்கு நெஞ்சு குலுங்கியது. முப்பத்திரண்டு வருடம் கழித்து அந்தச் சத்தம்! கண்ணில் நீர் வந்ததைத் துடைக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. ரெஜினா டீச்சர் அறுபது வயதில் குதித்தார். எல்லோரும் ‘ஓ’வென்று கத்தினார்கள். கத்தியது யாருக்கும் கேட்கவில்லை. அதுவும் வேடிக்கையாக இருந்ததால், வாயைக் காட்டிக் காட்டிச் சிரித்தார்கள்.

ஏழாவது அணுகுண்டு வெடிக்கவில்லை. பூபாலன் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு அதை நோக்கி நடந்தான். குனிந்தான். திரியின் அடியில் சிவப்பாக ஒரு புள்ளி இன்னும் இருப்பதை மிருதுளா பார்த்தாள்.

“பூபாலா, போகாத!”

தொண்டை நரம்பு புடைத்தது. குரல் வெளியே வரவில்லை. இன்னொரு முறை அடிவயிற்றிலிருந்து கத்தினாள். தன் காதுக்கே கேட்கவில்லை. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இந்த இடத்தில் கேட்கக்கூடியது ஒன்றே ஒன்றுதான். கையிலிருந்த ஊதுபத்தியில் ஒரு பிஜிலி வெடியைப் பற்றவைத்து அவன் காலுக்கருகே எறிந்தாள். ‘பட்’டென்ற சத்தத்தில் பூபாலன் துள்ளிப் பின்னால் விழுந்தான். அவன் விழுந்ததும் அணுகுண்டு வெடித்தது.

குவாரி அடக்கியின் எல்லையைத் தாண்டித் தார்ச்சாலைக்கு வந்த பிறகுதான் பேச முடிந்தது.

“ஏனுங்க்கா, என் மேலயே வெடியை வீசறீங்க!” என்று பூபாலன் எகிறினான்.

“தொண்டை கிழியக் கத்துனேன் பூபாலா. கேட்டுச்சா உனக்கு?”

அவன் சட்டையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினான்.

“தப்பு நம்ம மேலதான்” என்றார் ரெஜினா டீச்சர். “நாப்பது நாளும் வாயைக் கட்டிட்டு நின்னோம். இங்க வெடிச் சத்தந்தான் வழக்கம், மனுஷன் அலறறது வழக்கம் இல்லைன்னு நாமளே பாடம் நடத்திட்டோம்.”

ஒரு விசிலைப் பழக்கினால் போதுமே என்றார் ஒருவர். மிருதுளா ஒப்பவில்லை. ஆபத்து வரும்போது யாரும் விசிலைத் தேட மாட்டார்கள், வாயில் வருவதைத்தான் கத்துவார்கள் என்றாள். தீபாவளிக்கு இன்னும் ஐம்பத்திரண்டு நாள் இருந்தது. மறுநாளே இரண்டாவது பாடம் ஆரம்பமாயிற்று. வெடி ஒரு பக்கம். அலறல் ஒரு பக்கம். முப்பத்தெட்டுப் பேரும் அவரவர் பாணியில், நிஜமாகப் பயந்தால் எப்படிக் கத்துவார்களோ அப்படியே கத்த வேண்டும்.

முதல் வாரம் கூச்சத்தில் நெளிந்தார்கள். எப்படியும் குரல் கேட்காது என்பதால் போகப் போகத் துணிச்சல் வந்தது. பூபாலன் “அய்யய்யோ, தீ!” என்று மண்ணில் புரண்டான். டீச்சர் “கர்த்தாவே!” என்று இரண்டு கையையும் தூக்கினார். யார் அலறல் தத்ரூபம் என்று போட்டி வந்தது. மூன்றாம் வாரத்தில் முறுக்கு தின்றுகொண்டே அலறினார்கள், போன் பார்த்துக்கொண்டே அலறினார்கள். நாற்பது நாள் முடிந்ததும் குரல்கள் வந்தன; அலறலோடு சேர்த்துச் சாதாரணப் பேச்சையும் அடக்கி விட்டுக்கொடுத்தது. அத்தனை அலறலும் ஒன்றாகக் கேட்டபோது மிருதுளாவுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அடுத்து வந்த நாட்களிலும் பாடத்தை அவள் விடவில்லை. அடக்கி மறந்துவிட்டால் என்ன செய்வது? ஒரு பக்கம் அலறல் கிளம்பும். மறுபக்கம் பூபாலன் தன் மகளுக்கு வரன் பார்த்த கதையை நிறுத்தாமல் சொல்லிக்கொண்டிருப்பான்.

தீபாவளியன்று ஐந்து மணிக்கு முன்பே அத்தனை பேரும் வந்துவிட்டார்கள். பத்து அடிக்கு ஒரு தண்ணீர் வாளி, மணல் மூட்டை, கனத்த சாக்கு எல்லாம் தயார். ராக்கெட்டுகள் சீறின. சரவெடி படபடத்தது. ஒரு மணி நேரம் ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. முடிவாக, நடுவில் வைத்திருந்த பெரிய புஸ்வாணத்தைச் சங்கத் தலைவிதான் ஏற்ற வேண்டும் என்று எல்லோரும் கையைப் பிடித்து இழுத்தார்கள். மிருதுளா துப்பட்டாவைத் தோளில் சுற்றிக்கொண்டு, சிரித்தபடி போய்ப் பற்றவைத்தாள். அவள் குனிந்த நேரத்தில் லட்டு டப்பா திறந்தது, கூட்டம் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டது.

புஸ்வாணம் பூக்கவில்லை, வெடித்தது. தீப்பொறி பக்கவாட்டில் பாய்ந்து அவள் துப்பட்டாவைப் பிடித்தது.

“தீ! தீ! மேல பத்திக்கிச்சு, யாராவது வாங்க!”

குரல் எழுந்தது. சுவரில் மோதித் திரும்பி வந்து இரண்டாம் முறையும் கேட்டது. எழுத்து எழுத்தாகத் தெளிவாக இருந்தது. கம்பத்தின் மேலிருந்த அடக்கி அதில் ஒரு சொல்லைக்கூட விழுங்கவில்லை.

யாரும் திரும்பவில்லை. ரெஜினா டீச்சர் லட்டை விண்டு பக்கத்திலிருந்தவருக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். பத்தடி தள்ளி, வாளிக்குப் பக்கத்திலேயே முதுகைக் காட்டி நின்ற பூபாலன் யாரிடமோ மாப்பிள்ளை வீட்டாரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான். மிருதுளா மறுபடியும் கத்தினாள். எங்கோ இரண்டு பேர் பதிலுக்கு உற்சாகமாக அலறினார்கள்.

அவளாகவே துப்பட்டாவை உருவினாள். அது முழங்கைத் தோலோடு ஒட்டிக்கொண்டு வந்தது. தரையில் விழுந்து புரண்டாள், மண்ணை அள்ளி மேலே போட்டுக்கொண்டாள். தீ அணைந்த பிறகு எழுந்து, வலியில் பல்லைக் கடித்தபடி, ஒவ்வொரு அடியாக அவர்களிடம் நடந்து வந்தாள். இடது கை தோள்வரைக்கும் வெந்திருந்தது.

பூபாலன் அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தான்.

“அக்கா, இத்தனை நாளா கத்துனதுல இன்னைக்குத்தாங்க அசலா இருந்துச்சு!”

அவள் வெந்த கையை அவன் முன்னால் நீட்டினாள். அவன் சிரிப்பு நிற்பதற்கு இன்னும் கொஞ்ச நேரம் பிடித்தது.