முதல் குறி

தினமும் காலை ஆறரை மணிக்குத் தொபியாஸ் வாசல் கம்பத்தில் இருக்கும் தகட்டின்மேல் உள்ளங்கையை வைப்பார். தகடு ஒரு கணம் சூடாகிப் பச்சை காட்டும். தொபியாஸ் மோத்தா, வயது அறுபத்தேழு, உயிரோடு தீவில் இருக்கிறார் என்ற செய்தி இரண்டு தலைநகரங்களுக்கும் போய்விடும். அதற்குப் பிறகுதான் அடுப்பைப் பற்றவைத்துத் தேநீர் போடுவார். ஆறு வருட வழக்கம் இது. இந்த வாரம் மட்டும், பச்சை எரிந்த பிறகும் கையை எடுக்காமல் சற்று நேரம் அப்படியே நின்றார்.

வீடு புதிது. போன திங்கட்கிழமை நிர்வாகத்து ஆட்கள் வந்து அவருடைய இரண்டு பெட்டிகளையும் தூக்கிக்கொண்டுபோய், தீவின் நடுவில் இருக்கும் வெள்ளைத் தூணுக்குப் பக்கத்து வீட்டில் வைத்துவிட்டார்கள். தூணருகே இரண்டே வீடுகள். ஒன்று கீழைக் கூட்டரசுக்கு, இன்னொன்று மேலைக் கூட்டரசுக்கு. மற்ற வீடுகள் வளையம் வளையமாகச் சுற்றி இருந்தன. பிள்ளைக்குப் பதவி உயர உயரப் பெற்றவர் வீடு தூணை நெருங்கும். தொபியாஸ் கரையோரத்தில் தொடங்கி, நான்கு வீடு மாறி நடுவுக்கே வந்துவிட்டார். அவ்வளவு வேகமாக வந்தவர் தீவில் வேறு எவரும் இல்லை.

அதைப் பற்றிப் பேசாமல் அவரால் இருக்க முடிந்ததில்லை. ரொட்டிக்கடை வரிசையிலும் சலவைக்கூடத்திலும், யாராவது சிக்கினால் போதும். "நான் தூத்துக்குடி ஹார்பர்ல கிரேன் ஓட்டுனவன். எம் மவ ரெக்ஸ்லின் முப்பத்தாறு வயசுல கர்னல்" என்று ஆரம்பித்துவிடுவார். சீருடையில் மகள் நிற்கும் படத்தைச் சட்டைப்பையிலேயே வைத்திருந்தார். கரையோரத்துக்காரர்கள் ஆசையாகக் கேட்பார்கள். தூணை நெருங்க நெருங்க, கேட்பவர்கள் அந்தப் படத்தை இரண்டாம் முறை பார்ப்பதில்லை.

பக்கத்து வீட்டில் மேலைக் கூட்டரசைச் சேர்ந்த மிரெலா இருந்தார். பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். அவர் பேசும் மொழி தொபியாசுக்குத் தெரியாது. காதில் மாட்டியிருந்த மொழிச்செவி அதைச் செய்தி வாசிப்பவரின் தமிழில் சொல்லும்.

"வியாழக்கிழமை உங்கள் மகள் வருகிறாரா?"

"ஆமாம்மா. பொறுப்பு எடுக்கதுக்கு முன்னால ஒரு மணி நேரம் நேர்ல பாக்கணுமாம், ஒப்பந்தத்துல இருக்காம். நாலு வருசம் ஆச்சு பாத்து."

"இடையில் தொலைபேசியில் பேசினாரா?"

தொபியாஸ் தேநீரை ஆற்றினார். "அவளுக்கு எங்க நேரம்."

"என் மகனும் ஐந்து வருடமாகப் பேசவில்லை. கரையோரத்தில் இருப்பவர்களுக்கு வாரா வாரம் அழைப்பு வருகிறது. இரண்டாம் வளையத்தில் மாதம் ஒன்று வந்தாலே பெரிது. இங்கே ஒன்றுமில்லை. நீங்கள் கவனித்தீர்களா?"

அவர் கவனித்திருந்தார். அதை யோசிக்காமல் இருக்கத்தான் இத்தனை நாள் அவ்வளவு பேசினார்.

தீவின் விதி எல்லோருக்கும் தெரிந்ததுதான். இருபது வருடங்களுக்கு முன் பதினொரு நாள் நடந்த இயந்திரப் போரில் இரு தரப்பிலும் கடற்கரை நகரங்கள் பாதி அழிந்தன. தன் ஆள் யாரும் சாகாமல் ஏவலாம் என்பதால்தானே இவ்வளவு சுலபமாக ஏவினார்கள் என்று உலகமே கேட்டது. அப்போது எழுதிய ஒப்பந்தம்தான் இந்தத் தீவைப் படைத்தது. எந்தத் தரப்பு ஏவினாலும் முதல் ஏவுகணை இந்தத் தூணின்மேல் விழ வேண்டும். அது விழுந்தால்தான் மற்றவற்றின் பூட்டு திறக்கும். ஏவுரிமை வைத்திருக்கும் அதிகாரி ஒவ்வொருவரின் தாயோ தந்தையோ தீவில் குடியிருக்க வேண்டும். போரைத் தொடங்க நினைப்பவர் முதலில் பெற்றவரைக் கொன்றாக வேண்டும். இதற்கு முதல் குறி என்று பெயர். இருபது வருடமாக ஒரு குண்டும் விழவில்லை.

விரும்பாதவர்கள் விலகல் படிவத்தில் கையெழுத்துப் போட்டு அன்றைக்கே படகேறலாம். ஆனால் அந்த நிமிடமே பிள்ளையின் ஏவுரிமை போய்விடும். பிறகு ஆயுளுக்கும் கிடைக்காது. மகளின் வாழ்க்கையைக் கெடுக்கும் அந்தக் காகிதத்தைத் தொபியாஸ் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை. இந்த வாரம்தான் அலுவலகத்தில் ஒன்று வாங்கிவந்து மேசைமேல் வைத்திருந்தார். நீரிணையில் மேலைக் கூட்டரசின் எண்ணெய்க் கப்பல் ஒன்று மூழ்கியிருந்தது. யார் மூழ்கடித்தது என்று இரு தரப்பு வானொலியும் இரண்டு விதமாகக் கத்திக்கொண்டிருந்தன. அழைக்கவே அழைக்காத மகளின் விரலில் தன் உயிர் இருக்கிறது என்ற எண்ணம், சோற்றில் கை வைத்தால் வந்து நின்றது.

வியாழக்கிழமை சந்திப்பறைக்குச் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனார். நடுவில் மேசை, எதிரெதிரே இரண்டு நாற்காலி. ஒப்பந்தப்படி அந்த அறையில் ஒலியும் படமும் பதியக் கூடாது. ரெக்ஸ்லின் சீருடையில் வந்தாள். படத்தில் இருந்ததைவிட மெலிந்திருந்தாள். காதோரம் நரைத்திருந்தது. இடது மணிக்கட்டில் கறுப்பாக ஒரு பட்டை. அவர் எழுந்து கையை நீட்டினார். அவள் தொடவில்லை.

"உக்காருங்கப்பா. என்னையத் தொடாதீங்க. நான் சொல்லுதத மூஞ்சில ஒண்ணும் காட்டாமக் கேளுங்க."

குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. அவர் உட்கார்ந்தார்.

"இது நாடிப்பட்டை. நாம பேசுதது இதுக்குக் கேக்காது. என் நெஞ்சு அடிக்கது மட்டும்தான் வெளிய தெரியும். ஒரு மணி நேரமும் அது ஏறாம இருந்தாத்தான் எனக்கு முதன்மை ஏவுரிமை."

"ஏறுனா என்ன? அப்பனப் பாத்தா ஏறத்தான செய்யும்."

"ஏறக் கூடாதுன்னுதான் பாக்காங்க. ஒப்பந்தம் எழுதுனவங்க ரத்தம் பொருந்துதான்னு மட்டும் பாத்தாங்க. பாசம் இருக்கான்னு பாக்கல. நம்ம ஆளுங்க பாக்காங்க, தலைகீழா. பாசம் இருக்கவங்கள கரையிலயே விட்டுருவாங்க. பெத்தவங்க செத்தாலும் கை நடுங்காதுன்னு தெரிஞ்சவங்களத்தான் மேல கொண்டு போவாங்க. அந்தப் பக்கமும் அப்படித்தான் இருக்கும்."

ஆறு வருடமாக ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்ட வேகத்தின் அர்த்தம் இதுதானா?

"அப்ப நீ..."

"முழுசாக் கேளுங்க. நாலு வருசம் உங்களக் கூப்பிடாம இருந்து பழகுனேன். உங்க படத்த வச்சுக்கிட்டு, நெஞ்சு ஏறாம மூச்சு விடப் பழகுனேன். அம்மா அடக்கத்துல நாம கடைசியாப் பாத்தப்போ அழாம நின்னேன்ல, அன்னைக்கே தொடங்கிட்டேன். பொத்தான் எங் கையில இருந்தா யாரும் அமுக்க மாட்டாங்கப்பா. நான் அமுக்க மாட்டேன். அதுக்குத்தான் இவ்வளவும்."

அவள் கண் இமைக்கவில்லை. வானிலை அறிக்கை படிப்பதுபோல் இருந்தது. தொபியாஸ் இரண்டு கைகளையும் மேசைமேல் வைத்து விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அழுத்திக்கொண்டார். காற்று அடிக்கும்போது நாற்பது டன் பெட்டி கம்பியில் ஆடும். கிரேன்காரன் பதறினால் கீழே நிற்பவன் செத்தான். முப்பது வருடம் அந்தக் கூண்டில் அசையாமல் உட்கார்ந்த உடம்பு அது. இப்போதும் உட்கார்ந்தது.

"அழுதுராதீங்கப்பா. நீங்க அழுதா எனக்கு ஏறிரும்."

"அழல. சொல்லு."

"நீங்க இன்னைக்கே கையெழுத்துப் போட்டுட்டுக் கெளம்பலாம். எனக்குச் சந்தோசம்தான். ஆனா உரிமை எனக்கு அடுத்த ஆளுக்குப் போயிரும், லெப்டினன்ட் கர்னல் ஒருத்தர். அவரு அப்பாவும் இங்கதான் இருக்காரு. பதினோரு வருசமாப் பேச்சே இல்லையாம். அவரு அமுக்குவாரா மாட்டாரான்னு எனக்குத் தெரியாது. என்னைய எனக்குத் தெரியும்."

"அமுக்காட்டி ஒன்னைய என்ன செய்வாங்க?"

"வேலை போகும். செயில்ல போட்டாலும் போடுவாங்க."

"அந்தப் பக்கத்துக்காரன் அமுக்கிட்டா?"

முதல்முறையாக அவள் மணிக்கட்டுப் பட்டையைப் பார்த்தாள். "அதுக்கு எங்கிட்டப் பதில் இல்லப்பா."

மணி அடிக்கும்வரை இருவரும் தூத்துக்குடி வெயிலைப் பற்றியும் அவருடைய முட்டிவலியைப் பற்றியும் பேசினார்கள். போகும்போது அவர் எழுந்திருக்கவில்லை. எழுந்தால் கட்டிப்பிடித்துவிடுவோம் என்று பயந்தார். கதவருகே அவள் திரும்பாமல் நின்றபோது மெதுவாகச் சொன்னார்.

"ஏட்டி, நான் இங்கதான் இருப்பேன். நீ போ."

வீட்டுக்கு வந்து விலகல் படிவத்தை நான்காகக் கிழித்தார். மாலையில் மிரெலா வேலியோரம் வந்து, "எப்படி இருந்தார்?" என்று கேட்டார். தொபியாஸ் வேலியைப் பிடித்துக்கொண்டார். இவருடைய மகன்தான் அந்தப் பக்கத்துக்காரன். ஒரு வார்த்தை தவறினாலும் மகளின் நான்கு வருடமும் வீண். "கல்லு மாதிரி உக்காந்திருந்தா" என்று மட்டும் சொன்னார். மிரெலா தலையசைத்தார். "என் மகனும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தான்."

அதன் பிறகு தொபியாஸ் யாரிடமும் மகளைப் பற்றிப் பேசவில்லை. ரொட்டிக்கடையில் பரிதாபமாகப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று விட்டார். நெஞ்சுக்குள் இருந்த பெருமை முன்பைவிடப் பெரிது. வெளியே சொல்ல முடியாததால் கனத்தது. கூடவே பயமும் கனத்தது. அவள் விரலைப் பற்றி இனிக் கவலை இல்லை. இன்னொரு விரல் இருந்ததே.

மூன்றாவது வாரம், பகல் பதினொரு மணிக்குத் தூண் சிவப்பானது. ஒத்திகை என்றால் மஞ்சள்தான் எரியும்; சிவப்பு என்றால் ஏவும் ஆணை போய்விட்டது. நானூறு கிழவர்களும் கிழவிகளும் வீட்டைவிட்டு வெளியே வந்தார்கள். ஓட இடமில்லாததால் யாரும் ஓடவில்லை. தெரிந்தவர்கள் தெரிந்தவர்கள் பக்கத்தில் போய் நின்றார்கள். மிரெலா வந்து தொபியாஸின் கையைப் பிடித்துக்கொண்டார். இருவரும் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கழுத்து வலித்தது. தொபியாஸ் அருள்நிறை மரியே சொல்லத் தொடங்கி, எத்தனை சொன்னோம் என்று மறந்து, மறுபடி தொடங்கினார். நாற்பது நிமிடம். பிறகு தூண் வெளுத்தது. வானத்தில் ஒன்றும் வரவில்லை.

வானொலி எதையும் விளக்கவில்லை. இரு தரப்பும் பேச்சுவார்த்தைக்கு ஒத்துக்கொண்டதாக மூன்றாம் நாள் சொன்னது. பத்தாம் நாள் தொபியாசுக்குக் கடிதம் வந்தது. கர்னல் ரெக்ஸ்லின் மோத்தா ஆணையை மீறியதற்காகப் பதவி நீக்கப்பட்டார், விசாரணை நடக்கிறது, பிணையாளர் நாளைக்குள் தீவைக் காலிசெய்ய வேண்டும். அவர் அதைக் கையில் பிடித்தபடி வாசலுக்கு வந்தார். வேலிக்கு அந்தப் பக்கம் மிரெலாவும் ஒரு கடிதத்தோடு நின்றிருந்தார்.

மிரெலா கடிதத்தை உயர்த்திக் காட்டினார். எழுத்து புரியவில்லை. கீழே இருந்த தீவின் முத்திரை மட்டும் அவருடைய கடிதத்தில் இருந்ததேதான்.

"உங்க மவனுமா?"

மொழிச்செவி சொல்வதற்கு முன்பே மிரெலா அழுதுகொண்டு தலையாட்டினார். தொபியாசும் அழுதார். அழுவதற்கு இனி யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை.

மறுநாள் காலை பெட்டியை வெளியே எடுக்கும்போதே, இரண்டாம் வளையத்தில் இருந்த கும்பகோணத்துக்காரர் சபாபதியின் சாமான்கள் வந்து இறங்கின. அவருடைய மகன்தான் அந்த லெப்டினன்ட் கர்னல். பொறுப்பு அவனுக்குப் போயிருந்தது.

"உங்க பொண்ணு விஷயம் கேள்விப்பட்டேன் சார்" என்றார் சபாபதி. சங்கடமாகத் தரையைப் பார்த்தார்.

"வேலைய விட்டுத் தூக்கிட்டாங்க சார். உள்ள வச்சிருக்காங்க" என்றார் தொபியாஸ். கர்னல் ஆன செய்தியைக்கூட அவர் அவ்வளவு நிமிர்ந்து நின்று சொன்னதில்லை. சபாபதிக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"உங்க மகன் வந்திருந்தாரா, அந்த ரூமுக்கு?"

"முந்தாநாள் வந்தான் சார். ஒரு மணி நேரமும் அசையாம உக்காந்திருந்தான். ரெண்டு வார்த்தை பேசல." சபாபதி சிரிக்க முயன்றார். "வேலையில அவ்வளவு கவனம்."

தொபியாஸ் அந்த முகத்தையே பார்த்தார். உண்மையாகவே இவ்வளவுதான் நடந்ததா, அல்லது தன்னைப்போல இவரும் மறைக்கிறாரா? கேட்கக் கூடாது. கேட்டாலும் அவர் சொல்லக் கூடாது. கையைக் கூப்பிவிட்டு நடந்தார்.

படகு கிளம்பித் தீவு சிறிதாகிக்கொண்டு வந்தது. மிரெலா அருகில் வந்து உட்கார்ந்தார்.

"அந்த மனிதரின் மகன் எப்படிப்பட்டவர்?"

"தெரியலம்மா" என்றார் தொபியாஸ். "எம் மவளும் அப்படித்தான் உக்காந்திருந்தா."