எதிர்க் கிண்ணம்

கிண்ணத்துக்குள்ளிருந்து "ம்" என்று குரல் வந்தபோது தனக்கோடியின் புருஷன் எதிர்க் கிண்ணத்துக்குப் பக்கத்திலேயே இல்லை. ஜன்னலோரம் நின்று வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தான்.

கிண்ணம் என்றால் சோறு போட்டுச் சாப்பிடுகிற கிண்ணம் அல்ல. ஆள் உயரத்துக்கும் மேலே, சுண்ணாம்புச் சாந்தில் வழவழவென்று குழித்து, சுவரோடு சுவராகக் கட்டிய பெரிய குழிவு. நீளமான அந்தக் கூடத்தின் இந்தக் கோடியில் ஒன்று, அந்தக் கோடியில் ஒன்று. கூடத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒன்றுக்குள் ரகசியமாகப் பேசினால், நடுவில் போகிறவர்களுக்கு ஒன்றும் கேட்காது. மறுகோடியில் குழிவுக்குள் தலையை நீட்டிக்கொண்டிருப்பவருக்கு மட்டும் காதோரம் நின்று பேசுவது போலக் கேட்கும். கம்பி கிடையாது, கரண்டு கிடையாது. குரல் அந்த வழவழப்பில் பட்டுத் திரும்பி ஒரே இடத்தில் வந்து குவிகிறதாம். பலகையில் இங்கிலீஷில் எழுதியிருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்து அவன்தான் அவளுக்கு விளக்கினான்.

அவன் பெயரை நாம் சொல்லலாம், தோஷமில்லை. ஆதிகேசவன். குடியாத்தத்தில் சைக்கிள் கடையில் வேலை. கல்யாணமாகி ஒரு வருஷம் திரும்புவதற்குள் பெண்டாட்டிக்குப் பெங்களூரைக் காட்டிவிட வேண்டும் என்று ஆசைப்பட்டான். ஆசைக்குத் தகுந்த காசு இல்லாததால் பாசஞ்சர் வண்டியில் கூட்டிவந்து, ஒக்கலிபுரத்தில் ஒரு சத்திரத்துத் தாழ்வாரத்தில் படுக்கவைத்து, புளிச்சோற்றுப் பொட்டலமும் கையுமாக ஊர் முழுக்க நடத்தியே காட்டினான். டிக்கெட் கேட்காத இடம் எதையும் அவன் விடவில்லை. தண்டு என்கிற கண்டோன்மென்ட் பக்கத்தில் பழைய பட்டாளத்துக் குதிரை லாயத்தை வெள்ளையடித்துப் புதிதாகத் திறந்திருந்த இந்த விஞ்ஞானக் காட்சிசாலைதான் கடைசி. மற்ற இடங்களிலெல்லாம் தொடாதே என்று எழுதியிருக்கும். இங்கே தொடு, திருகு, அமுக்கு என்று எழுதியிருந்தது. அவன் பண்டிகைக்குப் புதுச்சட்டை போட்ட பிள்ளை மாதிரி ஒவ்வொன்றாகத் திருகித் திருகிப் பார்த்தான்.

தனக்கோடிக்குக் கால் வீங்கியிருந்தது. ஆனாலும் குறையொன்றும் சொல்லவில்லை. அவளுக்குத் தாய்வீடு என்று சொல்லிக்கொள்ள யாருமில்லை. சித்தப்பா வீட்டில் ஓரமாகக் கிடந்தவளை அழைத்து வந்து, சிரித்துப் பேசி, பக்கத்தில் உட்காரவைத்துச் சோறு தின்னச் சொன்ன முதல் மனிதன் அவன். அவன் எங்கே நடக்கச் சொன்னாலும் அவள் நடப்பாள்.

"கூட வந்தவங்க பேரச் சொல்லிக் கூப்பிடணும்னு போட்டுருக்கான் தனம்," என்றான் அவன், பலகையைக் காட்டி. "என் பேரச் சொல்லேன். இவ்ளோ தூரத்துல யார் காதுல வுழப்போவுது?"

"ச்சீ, போங்க. பேரச் சொன்னா ஆயுசு கொறையும்."

அதனால்தான் அவள் வெறுமனே "என்னாங்க" என்று கூப்பிட்டாள். உடனே "ம்" வந்தது. திரும்பிப் பார்த்தால் அவன் ஜன்னலோரம் நிற்கிறான்.

அவனிடம் போய்க் கேட்டாள்.

"நான் எங்க சொன்னேன்? கடல உரிச்சிக்கினு இருந்தேன்," என்று சிரித்தான். "யாராச்சும் நடுவுல பூந்து சொல்லிருப்பான். இரு, இப்ப நான் பேசறேன், நீ கேளு. அப்புறம் கெளம்பிடலாம்."

அவளுக்கு அப்போதே கிளம்பிவிட வேண்டும் போலிருந்தது. ஆனால் அவன் முகத்தில் இருந்த சந்தோஷத்தைக் கெடுக்க மனம் வரவில்லை. திரும்பி நடந்து தன் கிண்ணத்துக்குள் தலையை நீட்டி நின்றாள்.

வெளியே மேகம் கவிந்து, சாயங்காலத்துக்கு முன்னாலேயே சாயங்காலமாகிவிட்டது. யுத்த நேரத்தில் விளக்கு வெளிச்சம் வெளியே தெரியாமலிருக்க ஜன்னல் கண்ணாடிகளில் ஒட்டிய கறுப்புத்தாளைப் பாதிதான் கிழித்திருந்தார்கள். கிழித்த இடங்கள் வழியாக வந்த வெளிச்சம் தரையில் கந்தலாகக் கிடந்தது. ஓட்டின் மேல் முதல் தூறல் பொரி கொட்டினாற்போல் விழுந்து, பிறகு விடாமல் இரைந்தது, புது வெள்ளையின் வாசனைக்கு அடியிலிருந்து எத்தனையோ காலத்துக்கு முன்னால் செத்துப்போன குதிரைகளின் ஈரவாசனை மெல்லக் கிளம்பி வந்தது. பார்க்க வந்தவர்கள் மழைக்குப் பயந்து ஒவ்வொருவராக வெளியேறும் செருப்புச் சத்தம் தேய்ந்து, நின்றுபோனது.

"தனம், கேக்குதா?" அவன் குரல்தான், சிரிப்போடு. காதுமடலில் மூச்சுப் படுவது போலிருந்தது. "ஊருக்குப் போனதும் ஒனக்கு ஒண்ணு வாங்கித் தரப்போறேன். இன்னான்னு சொல்லு பாக்கலாம். நீ ஆசப்பட்டு ஆசப்பட்டுக் கேக்காமயே..."

கரண்டு போய்விட்டது.

"யாரு?" என்றான் அவன். அவளிடம் கேட்கவில்லை. "யாருய்யா அது, இவ்ளோ கிட்ட..."

அதற்கப்புறம் ஒன்றும் இல்லை.

அவள் திரும்பிப் பார்த்தாள். மறுகோடி இருட்டாக இருந்தது. ஓடினாள். எதிர்க் கிண்ணத்தின் முன்னால் கடலைத் தோல் சிதறிக் கிடந்தது. ரயில் டிக்கெட்டும் மாற்றுத்துணியும் இருந்த மஞ்சள் பை சுவரில் சாய்ந்திருந்தது. அவன் இல்லை.

முதலில் அவளுக்குக் கோபம்தான் வந்தது, விளையாடுகிறான் என்று. பெரிய பல்சக்கரங்களுக்குப் பின்னால் பார்த்தாள். நீராவி எஞ்சினைச் சுற்றி வந்தாள். வளைந்த கண்ணாடிகளில் அவளே குட்டையாகவும் நெட்டையாகவும் எதிரே வந்து அவளைப் பயமுறுத்தினாள். கூடம் முழுக்கப் பார்த்து முடித்தபோது கோபம் போய்விட்டிருந்தது. வாசலுக்கு ஓடினாள்.

வாசற்படியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த காவலாள் சிரில், காக்கிச் சட்டைக்குள் சிலுவைக் கயிறு தெரிய எழுந்து நின்றார். வயதானவர். "சார் வெளிய வரலையேம்மா. நான் இங்கயேதான் குந்திக்கினு இருக்கேன். வேற டோரும் கெடையாது. அவர் பேரச் சொல்லுங்க, ஜோரா ஒரு சத்தம் குடுக்கறேன்."

"பெருமாள் பேருங்க."

"மிஸ்டர் பெருமாள்!" என்று சிரில் கூடம் அதிரக் கத்தினார். "பெருமாள் சார்! க்ளோஸ் பண்ற டைம் ஆயிடுச்சு!"

"ஐயோ, அது இல்லீங்க. பாம்பு மேல படுத்திருப்பாரே, அந்தச் சாமி பேரு."

அவர்கள் ஊரில் இவ்வளவு சொன்னாலே போதும். கேட்பவர் தாமாகவே நாலு பெயர் சொல்லி, சரியானது வரும்போது பெண்பிள்ளை தலையாட்டிவிடுவாள். சிரில் திருதிருவென்று விழித்தார். "ஒங்க சாமிங்க பேரு எனக்கு அவ்ளோ தெரியாதும்மா. நீங்களே சொல்லிடுங்க, யார் என்ன சொல்லப்போறாங்க?"

தனக்கோடி வாயைத் திறந்தாள். பெயர் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அவன் எங்கே, எந்தக் கதியில் இருக்கிறானோ தெரியாத இந்த நேரத்தில், அவனுடைய ஆயுசைத் தன் வாயாலேயே குறைப்பதா? வாயை மூடிக்கொண்டாள். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

"அழாதீங்கம்மா. ஸ்வல்ப இருங்க, ஆபீஸ்ல லாந்தர் இருக்கு. எடுத்துட்டு வந்து பாத்துடலாம்," என்று சொல்லிவிட்டு அவர் மழையில் தலையைக் குனிந்துகொண்டு ஓடினார்.

அவள் தனியாகக் கூடத்துக்குள் வந்தாள். அவன் குரல் கடைசியாக வந்த இடம் தன் கிண்ணம்தான். அதனால் அதற்குப் போனாள். பாஷை தெரியாத ஊர். அவனில்லாமல் அவள் போய் நிற்க ஒரு வாசல் கிடையாது. சுண்ணாம்புக் குழிவுக்குள் முகத்தை நுழைத்து, இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னாங்க..."

மழை.

"என்னாங்க, எங்க இருக்கீங்க? வெளையாடாதீங்க. எனக்கு பயமா கீது."

"ம்."

போன உயிர் திரும்பி வந்தது. "எங்க போனீங்க? இங்க வாங்க."

மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. ஒருவர் மூச்சுதான். ஆனால் நெடுநேரம் வாயைத் திறக்காதவர் விடுகிற மாதிரி, கரகரவென்று, இழுத்து இழுத்து வந்தது.

"வரட்டுமா?" என்று கேட்டது குரல்.

ரகசியம் பேசும்போது எல்லா ஆண்பிள்ளைகளின் குரலும் ஒன்று போலத்தான் இருக்கும். அதெல்லாம் அவளுக்கு அப்போது தோன்றவில்லை. "இதென்ன கேள்வி? வாங்க. ஒடனே வாங்க. ஒங்களத் தவிர எனக்கு யாரு இருக்காங்க?"

"வரேன்."

ஈரச் சுண்ணாம்பின் நெடி மூக்கில் ஏறியது. அவளுக்குப் பின்னால் கல்தரையில் வெறுங்காலடி கேட்டது. ஒவ்வொரு அடியாக. அவசரமே இல்லாமல். பக்கத்தில் வந்து நின்றது.

அவனுடைய கோடுபோட்ட சட்டை இருட்டிலும் தெரிந்தது. அவள் அந்தச் சட்டையைப் பிடித்து உலுக்கினாள், மார்பில் குத்தினாள், அங்கேயே முகத்தைப் புதைத்து விம்மினாள். அவன் அசையாமல் நின்றான்.

"எங்க போனீங்க?"

"ம்."

வாசலில் லாந்தர் வெளிச்சம் ஆடிக்கொண்டு வந்தது. "சார் கெடச்சிட்டாரா? தேங்க் காட்!" என்றார் சிரில். லாந்தரை நடுவிலிருந்த மேஜையில் வைத்துவிட்டு, மழை அடித்த ஜன்னல்களைச் சாத்தப் போனார்.

வெளிச்சம் அவன் மேல் விழுந்தது. முகம் அவன் முகம்தான். ஆனால் இடது புருவத்தில் சின்ன வயதில் சைக்கிள் பம்பு பட்டுக் கிழிந்த தழும்பு இல்லை. அவள் கையைப் பிடித்திருந்த கையைப் பார்த்தாள். என்ன தேய்த்தாலும் போகாத கிரீஸ் கறுப்பு நகக்கண்களில் இல்லை. நகங்கள் வெள்ளை. பஞ்சர் ஒட்டுகிற சொலூஷன் வாசனை, தலையணையில்கூட ஒட்டியிருக்கிற வாசனை, துளியும் இல்லை.

அப்போது கிண்ணம் பேசியது.

"தனம்."

காதோரத்தில். மெல்ல. சிரிப்பில்லாமல்.

"தனம், நான் இங்கதான் கீறேன். ஒரே இருட்டு. வழி தெரியல. நீ யார் கூட நிக்கிற?"

அவள் அலறவில்லை. சிரில் தூரத்தில் ஜன்னல் கொக்கியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு ஒன்றும் கேட்டிருக்காது. குரல் குவிகிற இடத்தில் அவள் ஒருத்தியின் காதுதான் இருந்தது.

"கூப்புடு தனம். சத்தம் வர்ற பக்கமா வந்துடறேன். சீக்கிரம்."

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. இவ்வளவு நேரமும் அவள் தன் புருஷனைக் கூப்பிடவே இல்லை. என்னாங்க என்றால் யார் வேண்டுமானாலும் வரலாம். வந்துவிட்டது. ஆயுசு குறைந்தால் குறையட்டும், அவன் வரட்டும், நாலு நாளாவது அவனோடு இருக்கிறேன் என்று மனசு கதறியது. கையை உதறிக்கொண்டு கிண்ணத்துக்குள் தலையை நுழைத்து, பிறந்தது முதல் அதுவரை எந்தப் பொம்பளையும் செய்து அவள் பார்த்திராத காரியத்தைச் செய்தாள்.

"ஆதிகேசவன்!" என்று கத்தினாள். "ஆதிகேசவன்!"

பக்கத்தில் நின்றது மூச்சை உள்ளே இழுத்தது. நீளமாக. ஆசையாக.

"ஆதிகேசவன்," என்று சொல்லிப் பார்த்தது.

இடது புருவம் மெல்லப் பிளந்து தழும்பாக மூடியது. வெள்ளை நகங்களின் ஓரத்தில் கறுப்பு ஊறி ஏறியது. சொலூஷன் வாசனை குப்பென்று வந்தது.

பிறகு கிண்ணத்துக்குள், வெகுதூரத்திலிருந்து கேட்டது.

"யாரு தனம் ஆதிகேசவன்?"

"வா தனம்," என்றான் பக்கத்தில் நின்றவன். அவன் குரல். அவன் சிரிப்பு. "வண்டிக்கு நேரமாச்சு." மஞ்சள் பையை எடுத்து மாட்டிக்கொண்டு அவள் மணிக்கட்டைப் பிடித்தான். சுண்ணாம்பு இறுகுவது போலப் பிடி இறுகியது.

"ஆதிகேசவனா சார் ஒங்க பேரு?" என்று சிரில் சிரித்தபடி லாந்தரோடு வந்தார். "இதச் சொல்றதுக்கு ஒங்க சம்சாரம் எவ்ளோ கஷ்டப்பட்டாங்க!"

"இவரு இல்லீங்க. அய்யா, இது அவரு இல்லீங்க. உள்ள இருக்காரு. கதவ மூடாதீங்க."

"ரொம்ப பயந்துட்டா பாவம்," என்றான் அவன்.

"டீ வாங்கிக் குடுங்க சார், சரியாயிடும்," என்றார் சிரில்.

காலைத் தரையில் ஊன்றினாள். பிடித்தவன் இழுக்கவில்லை, நடந்தான், அவ்வளவுதான். அவள் கூடவே வழுக்கிக்கொண்டு போனாள். படி. மழை. பின்னால் கதவின் கனமான இரண்டு பலகைகளும் முனகிக்கொண்டு சேர்ந்தன. அவள் கழுத்தை ஒடித்துத் திரும்பிப் பார்த்தாள்.

ஒரு சாண் இடைவெளி. அதற்குள் சிரிலின் லாந்தர் வெளிச்சம் கூடத்தின் கோடி வரை நீண்டு விழுந்தது. எதிர்க் கிண்ணத்தின் முன்னால் கோடுபோட்ட சட்டையில் ஒருவன் முதுகைக் காட்டி நின்றான். குழிவை இரண்டு கையாலும் தடவிக்கொண்டிருந்தான், கதவைத் தேடுகிறவன் தடவுவதுபோல.

"என்னாங்க!" என்று அவள் வீறிட்டாள்.

அவன் திரும்பினான். சத்தம் வந்த பக்கமாகக் கைகளை நீட்டினான். அவன் முகத்தில் கண் இல்லை, மூக்கு இல்லை, வாய் இல்லை. கிண்ணத்தைப் போல வழவழவென்று குழிந்திருந்தது. அந்தக் குழிவுக்கு அடியில், வாய் இருக்க வேண்டிய இடத்தில், பேச வழி தேடுவதுபோல எதுவோ உள்ளிருந்து முட்டி முட்டிப் புடைத்துக்கொண்டிருந்தது.

சிரில் பூட்டில் சாவியைத் திருகினார்.