மூன்று கட்டிகள், ஒரே தழும்பு

நகராட்சி என்ஜினியர் அந்த வீட்டுக் கதவைத் தட்டியபோது மதியம் இரண்டு மணி. மாலை ஐந்துக்குள் அவர் ஒரு கையெழுத்துப் போட்டாக வேண்டும். போட்டால் ஐந்து மாடி வணிக வளாகத்துக்கு நிறைவுச் சான்று கிடைத்துவிடும். மறுநாள் காலை திறப்பு விழா.

"கீழ்த்தளத்துல என் மனைவி தையல் கடை வைக்கிறா மேடம். இப்பவே அங்கதான் சாமான் அடுக்கிட்டிருக்கா. போன வாரம் மொட்டை மாடித் தொட்டியில தண்ணி நிரப்பினாங்க. அன்னையிலேருந்து கீழ ஒரு கதவும் சரியா சாத்த வரலை. பேப்பரெல்லாம் கச்சிதம். ஆனா மனசு கேக்கலை."

வீட்டுக்காரி கான்கிரீட் சோதனைக்கூடத்தில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். தெருவில் அவருக்கு 'நிதானம்' என்று பெயர். அவர் கணவருக்கு 'அவசரம்'. இரண்டு பெயரிலும் யாரும் குறை சொன்னதில்லை.

"காண்ட்ராக்டர் கள்ளக் கையெழுத்துப் போட்டிருக்கான், எழுதி வெச்சுக்கோ!" என்று அவசரம் செருப்பை மாட்டினார்.

"முதல்ல ரெண்டும் ஒரே ஜோடியான்னு பாருங்க," என்றார் நிதானம்.

நகராட்சிக் கிடங்கில் ஈரமும் எலி வாடையும். தூணுக்குக் கான்கிரீட் ஊற்றும்போதே அதே கலவையை இரும்பு அச்சுகளில் அள்ளிக் கட்டிகளாக்குவார்கள். நகராட்சி என்ஜினியர் பக்கத்தில் நிற்க வேண்டும் என்பது விதி. பாதியை நசுக்கிப் பலம் பார்ப்பார்கள், மீதி சாட்சிக்குக் கிடங்கில் கிடக்கும். கீழ்த்தளத் தூண்களுக்குச் சாட்சியாக மூன்று கட்டிகள் இருந்தன. மூன்றிலும் பெயின்ட்டில் ஒரே தேதி.

"பெயின்ட் புதுசு!" என்று சுரண்டினார் அவசரம்.

"பழசுதான், விடுங்க." நிதானம் ஒவ்வொன்றாகப் புரட்டி, மூலைகளைக் கட்டைவிரலால் தடவினார். பிறகு திரும்பினார். "ஊத்தின அன்னைக்கு எத்தனை அச்சு இருந்துது?"

என்ஜினியர் பதிவேட்டைப் புரட்டினார். "ஆறுன்னு எழுதியிருக்கு."

"அதைக் கேக்கலை. உங்களைக் கேட்டேன்."

என்ஜினியர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

நாலரை மணிக்கு என்ஜினியர் அறையில் காண்ட்ராக்டர் சான்றிதழும் பேனாவுமாகக் காத்திருந்தார். அவசரம் முக்கி முனகி மூன்று கட்டிகளையும் மேஜையில் வைத்தார்.

"இந்த மூலையைத் தடவுங்க," என்றார் நிதானம். "பட்டாணி அளவு மேடு. அச்சுல பள்ளம் இருந்தா கட்டியில மேடு வரும். மூணுலயும் அதே இடத்துல எப்படி?"

"ஒரே அச்சு!" என்று துள்ளினார் அவசரம்.

"ஆமா. கட்டி இறுகி அச்சைக் கழட்ட ஒரு நாள் ஆகும். ஒரே அச்சு ஒரே நாள்ல மூணு கட்டி தராது. யாரோ கொட்டகையில உக்காந்து, நல்ல சிமென்ட் போட்டு, தினம் ஒண்ணா செஞ்சு, எல்லாத்துலயும் ஒரே தேதியை எழுதியிருக்காங்க. தூணுக்குள்ள என்ன இருக்குன்னு இவருக்குத்தான் வெளிச்சம்."

காண்ட்ராக்டர் பதறவில்லை. பதிவேட்டைத் திறந்து விரலை வைத்தார். 'என் முன்னிலையில்' என்ற வரியின் கீழே என்ஜினியரின் கையெழுத்து. "சார் பக்கத்துல நின்னாரே. அவரையே கேளுங்க."

நிதானம் என்ஜினியர் பக்கம் திரும்பினார்.

"நீங்க அன்னைக்குப் போகவே இல்லை," என்றார் நிதானம். "கிடங்குலயே தெரிஞ்சுது."

"எல்லாரும் மேஜையிலேயே கையெழுத்துப் போட்டுடுவோம் மேடம். நாலு சைட்டுக்கு நான் ஒருத்தன்..." என்றார் என்ஜினியர். "ஒத்துக்கிட்டா வேலை போயிடும்."

"போகும். ஒத்துக்கலைன்னா இந்தத் தழும்பைப் பத்தி நாலு மாசம் வாதாடுவாங்க. கட்டடத்தை நாளைக்கே திறந்துடுவாங்க."

அப்போது என்ஜினியருடைய போன் அடித்தது. மனைவி. "ஏங்க, கடை ஷட்டர் பாதியில சிக்கிக்கிச்சு. ஏறவும் மாட்டேங்குது, இறங்கவும் மாட்டேங்குது. மேல எங்கயோ நறநறன்னு சத்தம் கேக்குது."

"குனிஞ்சு வெளிய வா! பக்கத்துக் கடைக்காரங்களையும் கூப்பிட்டுக்கிட்டு ஓடு!"

போனை அணைக்காமல் மேஜையில் வைத்துவிட்டு, காண்ட்ராக்டர் கையிலிருந்த பேனாவைப் பிடுங்கினார். தன் கையெழுத்துக்குக் கீழே எழுதினார்: 'அன்று நான் அங்கே இல்லை. கட்டடத்தை உடனே மூடவும்.' தேதியும் நேரமும் போட்டார். எழுதும்போது போனில் ஓடும் காலடிகளும் யாரோ கத்துவதும் கேட்டன. பிறகு தெரு ஹாரன்.

"வந்துட்டோம். எல்லாரும் வெளிய வந்துட்டோம்," என்றாள் மனைவி, மூச்சு வாங்க. "என்னங்க ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. எனக்கு வேலை போச்சு," என்றார் என்ஜினியர், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "நீ வீட்டுக்கு வா."