கரைந்தவை

வடிதாள் வெள்ளையாகவே இருந்தது.

நேற்று முழுக்கப் புழுதிப்புயல். ஆஸ்திரேலியாவின் டார்லிங் ஆற்றுத் தண்ணீர் பால் ஊற்றிய தேநீர் போலக் கலங்கியிருக்க வேண்டும். ஒரு லிட்டரை வடிகட்டினால் தாளில் செம்மண் அப்பிக்கொள்ள வேண்டும். ஊர்க் குடிநீர் நிலையத்தில் பதினோரு வருடமாக இதே சோதனையைச் செய்துவரும் நோலீன் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். கசடு துளியும் இல்லை. ஆனால் ஆற்றில் கரைந்திருப்பதை நொடிக்கு நொடி அளந்து சொல்லும் கருவி, வழக்கமாக அறுநூறு காட்டுவது, நாலாயிரம் காட்டியது. வெயிலில் தகரக் கூரை சடசடத்தது. அறையில் துருப்பிடித்த இரும்பின் வாடை. அது எங்கிருந்து வருகிறது என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

ஆற்றோரம் பம்பைப் பழுதுபார்க்கப் போயிருந்த சக ஊழியன் க்ளெமைக் கைபேசியில் கூப்பிட்டாள்.

"தண்ணி எப்படியிருக்கு அங்க?"

"கண்ணாடி மாதிரி! முப்பது வருஷமா இந்தச் சேத்துல நிக்கிறேன், இன்னிக்குத்தான் என் கால் விரலையே பாக்குறேன். அசிங்கமாத்தான் இருக்கு."

"தண்ணிக்குள்ளயா நிக்கிற?"

"நாப்பத்தி மூணு டிகிரி வெயிலு தாயி. உனக்கென்ன, ஏசியில உக்காந்திருக்க."

கருவி ஒன்பதாயிரம் காட்டியது.

"க்ளெம், வெளிய வா."

"ஏன், முதலையா?" சிரித்தான். "இதமா இருக்கு நோலீன். வலியே இல்ல."

"என்ன வலி?"

தண்ணீரின் சலசலப்பு மட்டும் கேட்டது. பதினாறாயிரம்.

"கால் தெரியல," என்றான் மெதுவாக.

"கலங்கிடுச்சா?"

"இல்ல. தண்ணி தெளிவாத்தான் இருக்கு."

அவள் ஓடினாள். வண்டியை முடுக்கினாள். செம்மண் பாதை, யூகலிப்டஸ் மரங்கள், அப்புறம் கரை. ஒரு பறவைச் சத்தமும் இல்லை. ஆற்றின் அடி மணல் வரிவரியாகத் தெரிந்தது. மீன் இல்லை. பாசி இல்லை.

"க்ளெம்!"

நடு ஆற்றில் அவனுடைய நீலச் சட்டை நின்றது. மிதக்கவில்லை. நின்றது. கழுத்துவரை பொத்தான் போட்டபடி. தோள் புடைத்து. கழுத்துக்கு மேலே மரங்கள் தெரிந்தன.

சட்டை மெல்ல அவள் பக்கம் திரும்பியது.

வலது கை உயர்ந்தது. தண்ணீர் சொட்டியது. வா, வா என்று அசைந்தது, வெறும் துணி.